பட்டு வலையும் காப்பிப்பொடியும்

"காப்பிப்பொடி வாங்க எதுக்குடா மெட்ராஸ் போகணும்? காந்தி ரோட்டிலே கிடைக்காத காப்பிப்பொடியா?" என்று கேட்டாள் ஆயா.

பையன் தலையில் அடித்துக்கொண்டான். "காப்பிப்பொடி இல்லே ஆயா, கோபிபாட்! கோ-பி-பாட்!"

"அதைத்தானே நானும் சொல்றேன்?" என்றாள் ஆயா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

போன வருஷக் கோடையில் ஆரம்பித்த இந்தக் குழப்பம் அந்த வீட்டில் இன்னும் தீர்ந்தபாடில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவள் நான்.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், ஒரு நெசவாளர் வீட்டில். மாமா, அதாவது அக்காவின் கணவர், முப்பது வருஷம் பட்டு நெய்தவர். ஆயா, மாமாவின் தாயார். பையன் என்று நான் சொல்வது அக்காவின் ஒரே மகனை, பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறான். நான் சென்னையில் பத்திரிகை உத்தியோகம் பார்ப்பவள் ஆகையால், உலகத்திலுள்ள எந்த விஷயமும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. தெரியாது என்று சொல்லிவிட்டால் போச்சு! "இதுகூடத் தெரியாமல் என்னத்தைப் பேப்பரிலே எழுதுறே?" என்று ஆயா கேட்டுவிடுவாள்.

அந்த வீட்டு முன்கட்டில் ஒரு குழித்தறி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை வியாதி மாமாவின் கண்ணைத் தொட்டுவிட்டது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இப்போது வெளிச்சம் தெரிகிறது; ஆள் நடமாட்டம் தெரிகிறது; இழை தெரியவில்லை. இழை தெரியாதவருக்குப் பட்டுத் தறியில் என்ன வேலை? தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். குழியை மண் போட்டு மூடி, மேலே சிமெண்டு பூசினார்கள். அன்றிலிருந்து மாமா அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டு நேரம் தவிர, பொழுதெல்லாம் திண்ணையில்தான்.

பையன் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி வந்து, குழி இருந்த இடத்தின் மேலேயே வைத்தான். வேறு இடம் கிடைக்கவில்லையா என்று அக்கா கேட்டதற்கு, "அங்கேதாம்மா பிளக் இருக்கு" என்றான். வைத்ததாவது சாதாரண மீன் தொட்டியா? இல்லை. கடல் மீன் தொட்டி!

நேயர்களில் பலர் வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கக் கூடும். தங்க மீன் இரண்டு, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது, அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். கடல் தொட்டி அப்படியல்ல. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இவன் தொட்டி 200 லிட்டர். ஆகவே ஏழு கிலோ. அதுவும் சமையல் உப்பு உதவாது. கால்சியம், மெக்னீஷியம் முதலிய சத்துக்கள் கடலில் இருக்கிற அளவிலேயே கலந்த தனி உப்பு பாக்கெட்டில் வருகிறது. "ஏழு கிலோ உப்பா! ஒரு வருஷ ஊறுகாய் போடலாமே!" என்று ஆயா அங்கலாய்த்தாள்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. தண்ணீர் வற்றினால் மறுபடியும் உப்புத் தண்ணீர் விட வேண்டுமல்லவா? கூடாதாம். ரசம் கொதித்துச் சுண்டினால் கரிக்கிறது அல்லவா? ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே நின்றுவிடுகிறது. வற்றியதற்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தினம் உப்பு நீர் ஊற்றி மீன்களைக் கொன்றவர்கள் ஏராளமாம். நம் வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

தொட்டிக்குள் நிறுத்தியிருந்த பாறைகள் பவளப் பாறைகள் போலவே இருந்தன. நான் பயந்துபோனேன். ஏனென்றால், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001-இல், கல்பவளங்கள் எல்லாவற்றையும் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன காவலோ அதே காவல் பவளத்துக்கும். கடல் குதிரைக்கும் அப்படியே. ஆசைக்கு வைத்துக்கொண்டேன் என்று சொன்னால் சட்டம் கேட்காது. நல்ல வேளையாகப் பையன் வைத்திருந்தது அவனே சிமெண்டும் கிளிஞ்சல் மணலும் குழைத்து வார்த்த பொய்ப் பாறை. மாதக் கணக்கில் நீரில் ஊறி, மேலே பாசி படர்ந்து, நிஜம் போலவே ஆகியிருந்தது.

இரண்டு கோமாளி மீன்கள் சுகமாக இருந்தன. வினை மூன்றாவது மீனாக வந்து சேர்ந்தது.

அதன் பெயர் மாண்டரின். பழைய சீனத்து அதிகாரிகளுக்கு மாண்டரின் என்று பெயர். அவர்கள் அணிந்த பூவேலைப் பட்டு அங்கியைப் போல் உடம்பு இருப்பதால் இதற்கும் அந்தப் பெயர் வந்தது. ஆள் நீளம் ஒரு சுண்டுவிரல். ஆனால் அந்த நிறம் இருக்கிறதே! எம்.எஸ். அம்மாவின் பெயரால் காஞ்சிபுரத்தார் ஒரு நீலம் சொல்வார்களே, அந்த நீலத்தில் மாம்பழ நிறக் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடும், ஓரமெல்லாம் கிளிப்பச்சை. பிராணிகளிடம் நாம் பார்க்கிற நீலம் பெரும்பாலும் வெளிச்சம் செய்யும் ஜாலம். மயில் தோகையைப் பொடித்தால் நீலம் இருக்காது. இந்த மீனின் தோலில் மட்டும் அசல் நீலச் சாயமே இருக்கிறது. உலகத்தில் இப்படிப்பட்ட பிராணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேற்குப் பசிபிக் கடலில் பாறை இடுக்குகளில் வசிப்பது. கடைக்காரர், "எதைப் போட்டாலும் சாப்பிடும் தம்பி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அது எதைப் போட்டாலும் சாப்பிடவில்லை. குளிகை போட்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறாலை அரைத்துப் போட்டான், கோமாளிகள் தின்றன. பையன் காலேஜுக்குப் போயிருந்தபோது ஆயா இட்லியைக்கூட உதிர்த்துப் போட்டுப் பார்த்தாளாம். அது பாட்டுக்குப் பாறையை முகர்ந்துகொண்டு, எதையோ தேடித் தேடி, ஊர்ந்துகொண்டே இருந்தது. பத்து நாளில் வயிறு ஒட்டி உள்ளே போய்விட்டது. அக்கா எனக்குப் போன் செய்தாள். "ஒரு ஜீவன் கண்ணெதிரே பட்டினி கிடக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கொஞ்சம் விசாரித்துச் சொல்லேன்" என்றாள்.

விசாரித்தேன். அந்த மீன் தேடிக்கொண்டிருந்ததுதான் ஆயாவின் காப்பிப்பொடி.

கோபிபாட் என்றால் கிரேக்க மொழியில் 'துடுப்புக் கால்' என்று அர்த்தம். நண்டு, இறால் வம்சத்தின் கடைக்குட்டி. பெரும்பாலானவை ரவையில் ஒரு மணி அளவுகூட இரா. நெற்றி நடுவே ஒரே ஒரு கண். கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் பெயரைத்தான் குளத்து ஜாதி ஒன்றுக்கு 'ஸைக்ளாப்ஸ்' என்று வைத்தார்கள். அதில் பெண் பூச்சி வாலின் இரண்டு பக்கமும் முட்டைப் பையைக் கட்டிக்கொண்டு, காவடி எடுப்பது போல் போகும். பிறந்தது முதல் பெரியவளாகும் வரை பதினோரு தடவை சட்டை உரிக்கும். ஆனால் கடலில் இதன் எண்ணிக்கைக்குக் கணக்கே இல்லை. பொழுது சாய்ந்தால் கோடி கோடியாக மேலே வந்து பாசியை மேயும். விடிந்தால் மீன்களுக்குப் பயந்து ஆழத்துக்கு இறங்கிவிடும். பாசி தின்கிற இதை மீன் குஞ்சு தின்ன, குஞ்சைப் பெரிய மீன் தின்ன, பெரிய மீனை நாம் வறுக்கிறோம். கல்கத்தாவில் விலங்கியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்த ஸீமோர் ஸூவல் என்ற ராணுவ டாக்டர், 1929 முதல் 1932 வரை, இந்தியக் கடல்களின் கோபிபாட்களைப் பற்றி மட்டுமே பெரிய நூல் எழுதியிருக்கிறார். வைத்தியம் பார்க்கப் போன மனிதருக்கு இதில் அப்படி ஒரு மோகம்!

குளத்து ஸைக்ளாப்ஸ் மேல் மட்டும் எனக்கு ஒரு கோபம் உண்டு. நரம்புச் சிலந்தி என்ற வியாதியை இந்தத் தலைமுறை அறியாது. படிக்கட்டுக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஸைக்ளாப்ஸ் வயிற்றுக்குள் அந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரை அப்படியே குடித்தால், ஒரு வருஷம் கழித்து, இரண்டு மூன்றடி நீளப் புழு காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், அதிலே மறுபடியும் குஞ்சுகளைக் கொட்டும். தமிழ்நாட்டிலும் சில ஜில்லாக்களில் இருந்தது. மருந்தில்லாத அந்த வியாதியை ஒழிக்க முக்கியமாக உதவியது எது தெரியுமா? துணி. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானில். 2000-ஆம் வருஷம் பிப்ரவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவுக்கு விடுதலைப் பத்திரம் கொடுத்தது. இதைச் சொன்னதும் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் வாக்கப்பட்டு வந்த நாளிலேருந்து குடத்து வாயிலே துணி கட்டாமல் தண்ணி பிடிச்சதில்லை. உங்க அக்காதான் 'எதுக்கு, எதுக்கு'ன்னு கேப்பா!" என்றாள்.

நியூயார்க்கில்கூட 2004-இல் ஒரு ரகளை நடந்தது. அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் கோபிபாட் இருப்பதை ஆசாரமான யூதர்கள் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டார்கள். நண்டு வம்சம் அவர்களுக்கு விலக்கு. தண்ணீர் குடிக்கலாமா, கூடாதா என்று மத குருமார்கள் பெரிய விவாதம் நடத்த, வீட்டுக்கு வீடு வடிகட்டி வாங்கினார்கள். நம் ஊரில் விவாதமே இல்லாமல் வேஷ்டித் துணி அந்த வேலையைச் செய்துவிட்டது.

சரி, மீனுக்கு வருவோம். பையன் அவசரப்பட்டு, கோபிபாட் அடைத்த ஒரு பாட்டிலைத் தபாலில் வரவழைத்தான். அக்கினி நட்சத்திர வெயில். பாட்டில் மூன்று நாள் பிரயாணம் செய்து வந்து சேர்ந்தது. திறந்தவுடன் அழுகிய முட்டை நாற்றம். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அத்தனையும் பிணம். டியூஷன் பணத்தில் ஒரு மாதம் போயிற்று.

அதற்குள் மீன் செத்துவிடாமல் ஒரு காரியம் செய்தான். ஆர்ட்டீமியா என்ற உப்பள இறாலின் முட்டை, காய்ந்த பொடியாக டப்பியில் கிடைக்கிறது. உப்பு நீரில் போட்டுக் காற்று விட்டால் ஒன்று ஒன்றரை நாளில் பொரித்து ஆரஞ்சுப் புள்ளிகளாக நீந்தும். மாண்டரின் அதைச் சந்தேகமாகப் பார்த்து, நாலு கொத்து கொத்தியது. கஞ்சி குடித்து உயிர் வைத்திருப்பது போல. சாப்பாடு என்று சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள். அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனேன். தொட்டியைப் பார்த்துவிட்டு, "மீனைப் பழிக்காதீங்க தம்பி. இது காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு கோபிபாடாகப் பொறுக்கித் தின்கிற ஜாதி. ஒரு வேளை படையல் போட்டால் இதற்கு ஒத்துவராது. முதலில் பண்ணை வைக்கணும், அப்புறம்தான் மீன் வாங்கணும். நீங்க மாத்திப் பண்ணிட்டீங்க" என்றாள். மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார், மிகச் சின்ன வாயுள்ள மீன் குஞ்சுகளுக்காகக் கோபிபாட்களை வளர்க்கிறார்கள் என்றும், வீட்டு அளவில் ஊறுகாய்ப் பாட்டில்களே போதும் என்றும் சொன்னாள். கடற்கரைப் பாறையில் பாசியோடு ஒட்டி ஊர்கிற ஜாதிதான் தொட்டிக்கு ஏற்றதாம். நடுக்கடலில் நீந்துகிற ஜாதி பம்பில் அடிபட்டுப் போகும். பாசியைச் சுரண்டி, அலசி, வடிகட்ட வேண்டும். அதற்கு மயிரிழைக் கண் உள்ள வலை வேண்டும்.

"இப்பல்லாம் நைலான்தான். அந்தக் காலத்திலே பட்டு" என்றாள் அவள், காப்பியை ஆற்றிக்கொண்டே.

திண்ணையிலிருந்து மாமாவின் குரல் கேட்டது: "என்னம்மா சொன்னே? பட்டா?"

அவள் அங்கேயே போய் உட்கார்ந்து சொன்னாள். ஐரோப்பாவில் ஆலைக்காரர்கள் மாவு சலிக்க மெல்லிய பட்டுத் துணி வைத்திருந்தார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் அது பெரிய தொழில். கடல் ஆராய்ச்சிக்காரர்கள் அந்தத் துணியை வாங்கி வலை தைத்தார்கள். ஆலிஸ்டர் ஹார்டி என்ற இங்கிலீஷ்காரர், 1925 முதல் 1927 வரை தென் துருவக் கடலுக்குப் போனபோது ஒரு யந்திரம் செய்தார். கப்பலின் பின்னால் கட்டி இழுத்தால், உள்ளே ஒரு பட்டு நாடா மெள்ள மெள்ளச் சுற்றும். கடல் நீர் அதன் வழியே போக, பூச்சிகள் பட்டில் தங்கும். மேலே இன்னொரு பட்டு வந்து மூடிக்கொள்ளும். இரண்டும் மருந்துத் தண்ணீரில் சுருண்டுவிடும். 1931-இல் ஆரம்பித்து இன்றுவரை சாதாரணச் சரக்குக் கப்பல்கள் அந்த யந்திரத்தை இழுத்துக்கொண்டு போகின்றன. அதில் அகப்படுவதில் பெரும்பகுதி கோபிபாட்தான். நைலான் வந்து எத்தனையோ காலம் ஆகியும், அந்த யந்திரத்தில் மட்டும் இன்றைக்கும் பட்டுதான். மாற்றிவிட்டால் பழைய கணக்கோடு புதிய கணக்கை ஒப்பிட முடியாது.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஜரிகை உண்டா?" என்றார்.

மூன்று வருஷத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கை என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

அப்புறம், "கண் எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்றாள். மாமா விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார். "முறுக்காத கோறா இழையிலே ரெண்டு இழை போற சந்து. நெய்யலாம். ஆனா நனைஞ்சா இழை நழுவும். கட்டிப் போடணும்."

பையன் ஒன்றும் சொல்லவில்லை. நைலான் சல்லடைத் துணி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அவன் போனில் அதன் படத்தைக்கூட நான் பார்த்தேன். அதை அவன் வரவழைக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பங்காளி வீட்டில் ஒரு புடவை அறுத்தபின் தறியில் கொஞ்சம் பாவு மிஞ்சியிருந்தது. அதில் அரைச் சாண் அகலத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மாமாவின் யோசனை இது: பக்கத்துப் பக்கத்துப் பாவு இழை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போட்டு, அந்த முறுக்குக்குள்ளே ஊடையைச் செலுத்தினால், ஊடை நகராது. அப்படி இழையைத் தாண்டித் தூக்குவதற்குப் பாதி விழுது நூலில் கட்ட வேண்டும். ஜோடிக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில். மாமாவின் விரலுக்கு வழி தெரியும், கண்ணுக்கு இழை தெரியாது. பையனின் கண்ணுக்கு இழை தெரியும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவைக்கு எப்போதுமே இரண்டு ஆள் உட்கார வேண்டும். ஓரத்து நாடாவைப் போடப் பக்கத்தில் ஒரு சின்னவன். தன் மகன் மட்டும் அந்த இடத்தில் உட்காரவே கூடாது என்று படிக்க அனுப்பியவர் மாமா. அந்தப் பிள்ளை பத்தொன்பது வயதில், மீனுக்காக, முதல் தடவையாகத் தறியில் உட்கார்ந்தான்.

விழுது கட்ட நாலு சாயங்காலம் ஆயிற்று. சண்டைக்கும் குறைவில்லை. "இடது, இடதுன்னா எந்த இடது?" என்று அவன் கத்த, "சோத்துக் கைக்கு எதிர்க் கைடா!" என்று இவர் கத்த, பங்காளி வீட்டம்மாள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்துச் சமாதானம் செய்தாளாம். நெய்தது ஒரே மாலையில் முடிந்தது. உள்ளங்கை அகலம். வெளிச்சத்தில் பிடித்தால் புகை மாதிரி இருந்தது. காலேஜ் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததில் கண் எல்லாம் ஒரே அளவாக இல்லை. சிலது அளவுக்கு இருந்தது, சிலது இரட்டிப்பு. மாமாவிடம் பையன் அதை மறைக்காமல் சொன்னான். "மொதத் துணி அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். பரங்கிப்பேட்டைப் பெண் பார்த்துவிட்டு, ஸ்விட்ஸர்லாந்துச் சல்லடைப் பட்டிலும் இதே முறுக்குதான் என்றாள். மாமா ஆச்சரியப்படவில்லை. "வேற எப்படிக் கட்டுவான்?" என்றார்.

2019-இல் ஜில்லாவைப் பிரித்தபோது கடற்கரை முழுவதும் செங்கல்பட்டு ஜில்லாவோடு போய்விட்டது. காஞ்சிபுரம் ஜில்லாவுக்கு இப்போது சொந்தமாகக் கடல் கிடையாது. "இருந்த கடலும் போச்சு, அதான் இவன் வீட்டிலேயே கடல் வெச்சிருக்கான்" என்பது ஆயாவின் வியாக்கியானம். நாங்கள் வாடகைக் கார் வைத்துக்கொண்டு, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை மயங்கிவிட்டது. கரை அரிக்காமல் கருங்கல் கொட்டியிருந்த இடம். கல்லெல்லாம் பச்சைப் பாசி. பையன் முழங்கால் தண்ணீரில் நின்று பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி, பக்கெட்டில் அலசினான். ஆயாவின் டீ வடிகட்டியில் ஒரு தடவை. மணலும் சருகும் போயிற்று. அடுத்தது பட்டு. மாமா அதை ஒரு அடியில்லாத டம்ளரில் கட்டி, தன் கையிலேயே பிடித்திருந்தார். தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று கை சொல்லிவிடுமாம். அடைத்துக்கொண்டால் உடனே, "அலசு" என்பார்.

மீன் கூடையோடு வந்த ஓர் அம்மாள் நின்று பார்த்தாள். "பட்டுத் துணியிலே உப்புத் தண்ணி வடிக்கிறீங்களே, கண்ணாலத்துக்கு என்னாத்தைக் கட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

பக்கெட்டின் ஒரு மூலையில் டார்ச் அடித்தோம். சற்று நேரத்தில் அந்த வெளிச்சத்தில் தூசி பறந்தது. தூசி என்றால் ஒரே பக்கமாகப் போகும். இவை நின்று, துள்ளி, நின்று, துள்ளி வந்தன. "வந்துடுச்சு மாமா, காப்பிப்பொடி!" என்று கத்தியது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

கடலிலிருந்து வந்ததை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வேண்டாத புழுக்களும் வந்திருக்கும். பத்து ஊறுகாய்ப் பாட்டில்களில் பிரித்து வைத்து, லேசாகக் காற்றுக் குமிழி விட்டு, பாசி கலந்த பச்சைத் தண்ணீரைத் தினம் ஒரு கரண்டி ஊற்றினான். மூன்று வாரம். இரண்டு பாட்டிலில் ஏதோ கொடுக்கு வைத்த பூச்சி வளர்ந்து மற்றதையெல்லாம் தின்றுவிட்டது; கொட்டிவிட்டோம். ஒரு நாள் பையன் ஊரில் இல்லாதபோது தண்ணீர் வற்றியிருப்பதைப் பார்த்து ஆயா இரக்கப்பட்டு, தான் குடிக்கிற செம்புக் குடத்திலிருந்து மூன்று பாட்டிலுக்குத் தண்ணீர் விட்டாள். மறுநாள் காலை மூன்றும் காலி. செம்பு நமக்குக் கொஞ்சம் போனால் பாதகமில்லை. நண்டு வம்சத்துக்கு அது விஷம். அதனால்தான் மயில்துத்தம் கலந்த மீன் மருந்தை இப்படிப்பட்ட தொட்டியில் விடக் கூடாது என்கிறார்கள். "செம்புத் தண்ணி குடிச்சுத்தான் எனக்கு எண்பது வயசு ஆச்சு. அதுங்களுக்குக் கொடுத்து வைக்கலே" என்று ஆயா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மீதி ஐந்து பாட்டில் நிறைய நிறையப் பெருகின. ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொட்டியில் விட்டோம். வெளிச்சத்தை அணைத்து, மீன்கள் தூங்கியபின், பம்பையும் நிறுத்தினான். இல்லாவிட்டால் அத்தனையும் வடிகட்டிக்குள் போய்விடும். பாட்டில் நீரின் சூடும் உப்பும் தொட்டியோடு ஒன்றாகும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு குழாய் வழியே பாறை இடுக்குகளில் இறக்கினான். ஒரு மணி நேரம் எல்லாரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அவை கால் ஊன்ற அவ்வளவு நேரமாவது வேண்டுமாம். மாமா குழி இருந்த இடத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரே தடவையில் வேலை முடிந்துவிடவில்லை. ஒரு மாண்டரின் தின்கிற வேகத்துக்கு இருநூறு லிட்டர் தொட்டி ஈடு கொடுக்காது. ஆகவே தொட்டியின் ஒரு பக்கத்தில் கண்ணாடி தடுத்து, மீன் நுழையாதபடி, உள்ளே நூல் நூலான கடற்பாசி போட்டுப் பிரசவ அறை ஒன்று செய்திருக்கிறான். பாட்டில்களும் ஓய்வதில்லை; வாரம் ஒன்று தொட்டிக்குப் போகிறது. அறுவடைக்கு அதே பட்டுத் துண்டுதான். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி நிழலில் உலர்த்த வேண்டும், உப்புப் பட்டால் பட்டு நைந்துபோகும் என்பது மாமாவின் உத்தரவு. கொடியில் ஆயாவின் புடவைக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது.

போன மாதம் போயிருந்தேன். மாண்டரினின் வயிறு வட்டமாக இருந்தது. ராத்திரி பையன் கண்ணாடியில் டார்ச் அடித்தான். வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்தன. மாமாவுக்கு அது தெரியாது. "எத்தனை?" என்று கேட்டார். பையன் ஒரு சாண் சதுரத்தில் எண்ணி, "அறுபத்தி மூணு" என்றான். "போன வாரம் நாப்பது சொன்னே" என்றார் மாமா.

கிளம்புகிற நேரத்தில் பரங்கிப்பேட்டைப் பெண்ணிடமிருந்து போன். அவளுடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் பட்டு வலை கேட்கிறார்களாம். ஒன்று பெரிய கண், ஒன்று சின்னக் கண். நான் போனை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அளவுகளை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"நீ பட்டணத்திலே இருக்கிறவ, சொல்லும்மா. இதுக்குக் கூலி எப்படிக் கேக்கிறது? சாணுக்கு இவ்வளவுன்னா, கண்ணுக்கு இவ்வளவுன்னா?"

"கண்ணுக்குக் கேளுங்க மாமா" என்றேன்.

"அப்ப எண்ணுறதுக்கு அவன் வரணும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பிப் பையனைக் கூப்பிட்டார்.